வெளி வன்தட்டு உறை

வெளி வன்தட்டு உறை என்பது, கணினிக்குள் பொருத்துவதற்கென உருவாக்கப்பட்ட வன்தட்டு ஒன்றைக் கணினிக்கு வெளியே வைத்து, வடம் ஒன்றின் மூலம் இணைத்துப் பயன்படுத்த உதவும் பெட்டி ஆகும். வன்தட்டைத் தாங்குவதோடு, அதற்குத் தேவையான மின்சாரத்தை வழங்குவதும், வன்தட்டு புரிந்துகொள்ளும் கட்டளைகளுக்கும் கணினியின் யுஎஸ்பி போன்ற இணைப்புக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகச் செயற்படுவதும் இதன் பணிகளாகும். கடைகளில் இது பெரும்பாலும் "ஹார்ட் டிஸ்க் கேசிங்" என்றே கேட்டு வாங்கப்படுகின்றது.

பழைய மடிக்கணினியில் இருந்து கழற்றிய வன்தட்டை வீணாக்காமல் பயன்படுத்துதல், பழுதடைந்த கணினியின் கோப்புகளை மீட்டல், காப்புப்பிரதி எடுத்தல், பெரிய கோப்புகளை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லல் ஆகியன இதன் முதன்மையான பயன்கள். கடைகளில் முழுமையாக விற்கப்படும் வெளி வன்தட்டுகளும் அடிப்படையில் ஓர் உறையும் அதனுள் வன்தட்டும் சேர்ந்தவையே.

வரலாறு

முதல் வன்தட்டான ஐபிஎம் 350, 1956 ஆம் ஆண்டில் அறிமுகமானது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்த அது, ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களைச் சேமித்தது. அதைக் கையில் எடுத்துச் செல்வது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

தனியாள் கணினிகளின் தொடக்க காலத்தில் வன்தட்டு பெரும்பாலும் தனிப் பெட்டியாகவே விற்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 1981 இல் வெளியிட்ட புரோஃபைல் என்னும் வெளி வன்தட்டு 5 மெகாபைட்டுக் கொள்ளளவு கொண்டது. 1985 இல் மாக்கின்டோஷ் கணினிக்காக வெளியான "ஹார்ட் டிஸ்க் 20" என்பதன் கொள்ளளவு 20 மெகாபைட்டு. பின்னர் ஸ்கசி இடைமுகம் வழியாக இணையும் வெளி வன்தட்டுகள் பரவின. இவற்றின் வடங்கள் தடித்தவை. ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கொடுத்து, கணினியை நிறுத்திய பின்னரே இணைக்க வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியவை 1995 இல் தரப்படுத்தப்பட்ட ஃபயர்வயரும், 1996 இல் வெளியான யுஎஸ்பியும் ஆகும். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே கருவிகளை இணைக்கவும் கழற்றவும் இவை இடமளித்தன. ஆயினும் முதல் யுஎஸ்பியின் மிகையான வேகம் நொடிக்கு 12 மெகாபிட்டு மட்டுமே. 80 கிகாபைட்டு வன்தட்டு ஒன்றை அதன் வழியே நிரப்ப ஏறத்தாழ ஒரு நாள் தேவைப்படும். 2000 ஆம் ஆண்டில் யுஎஸ்பி 2.0 வந்து வேகம் 40 மடங்கு கூடிய பின்னரே, வன்தட்டு உறை எல்லோரும் வாங்கும் பொருளாயிற்று.

அமைப்பு

வன்தட்டு உறையொன்றில் பொதுவாகப் பின்வரும் பகுதிகள் காணப்படும்.

* கூடு: அலுமினியம் அல்லது நெகிழியால் ஆனது. திருகாணியால் மூடுவன, திருகாணி இன்றி நகர்த்தி மூடுவன என இருவகை உண்டு.
* பாலச் சுற்று: வன்தட்டின் கட்டளைகளையும் யுஎஸ்பி கட்டளைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றித்தரும் சில்லைத் தாங்கிய சிறிய மின்சுற்றுப் பலகை. உறையின் உயிர்நிலை இதுவே.
* உட்பொருத்தி: வன்தட்டு செருகப்படும் இடம்.
* வெளிப்பொருத்தி: கணினிக்குச் செல்லும் வடம் செருகப்படும் இடம்.
* மின்வழங்கி: பெரிய வன்தட்டுகளுக்கான உறைகளில் மட்டும் தனியாக இருக்கும்.

விலை குறைந்த உறைக்கும் கூடிய உறைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு கூட்டின் அழகில் அன்று. பாலச் சுற்றின் தரத்திலேயே உள்ளது. தரம் குறைந்த சில்லு இடையிடையே இணைப்பை இழக்கக்கூடும். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பு முறைமையே சிதையலாம்.

அளவுகள்

உறை வாங்கும்போது முதலில் அறிய வேண்டியது வன்தட்டின் அளவாகும்.

* 3.5 அங்குலம்: மேசைக்கணினிகளில் பயன்படுவது. அகலம் 101.6 மி.மீ.
* 2.5 அங்குலம்: மடிக்கணினிகளில் பயன்படுவது. அகலம் ஏறத்தாழ 70 மி.மீ., நீளம் ஏறத்தாழ 100 மி.மீ. தடிப்பு 7, 9.5, 12.5, 15 மி.மீ. எனப் பலவாறு அமையும். 9.5 மி.மீ. வரை மட்டுமே ஏற்கும் உறைகள் பல உள்ளதால், கொள்ளளவு கூடிய 15 மி.மீ. வன்தட்டுகள் அவற்றினுள் நுழையா.
* எம்.2: சுழலும் தட்டு இல்லாத திண்மநிலை இயக்கிகளின் வடிவம். 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட வகை பரவலானது. சாட்டா, என்விஎம்இ என இதில் இரு வகைகள் உண்டு. ஒன்றுக்கான உறையில் மற்றது வேலை செய்யாது. இரண்டையும் ஏற்கும் உறைகளும் கிடைக்கின்றன.

"2.5 அங்குலம்", "3.5 அங்குலம்" என்பன வன்தட்டின் வெளி அளவுகள் அல்ல, வடிவ வகைகளின் பெயர்களே.

இடைமுகங்கள்

உட்பக்க இடைமுகம்

வன்தட்டை உறையுடன் இணைக்கும் இடைமுகம் உட்பக்க இடைமுகம் ஆகும். 2003 ஆம் ஆண்டளவில் சாட்டா வருவதற்கு முன் ஐடிஇ இடைமுகமே பரவலாக இருந்தது. மேசைக்கணினி ஐடிஇ வன்தட்டில் தரவுக்கு 40 ஊசிகளும் மின்சாரத்துக்குத் தனிப் பொருத்தியும் இருக்கும். மடிக்கணினி ஐடிஇ வன்தட்டில் இரண்டும் சேர்ந்து 44 ஊசிகளாக இருக்கும். சாட்டாவில் தரவுக்கு 7 தொடுமுனைகளும் மின்சாரத்துக்கு 15 தொடுமுனைகளும் உள்ளன. சாட்டாப் பொருத்தி 2.5 அங்குலத்திலும் 3.5 அங்குலத்திலும் ஒரே வகையானது. எனவே, 3.5 அங்குல உறையில் 2.5 அங்குல வன்தட்டையும் பொருத்தலாம். பழைய ஐடிஇ வன்தட்டைப் படிக்க விரும்புவோர், அதற்கேற்ற உறையைத் தேடிப் பெறவேண்டும்.

வெளிப்பக்க இடைமுகம்

உறையைக் கணினியுடன் இணைக்கும் இடைமுகங்களும் அவற்றின் அறிவிக்கப்பட்ட மிகையான வேகங்களும் வருமாறு:

* யுஎஸ்பி 1.1 (1998): நொடிக்கு 12 மெகாபிட்டு
* ஃபயர்வயர் 400 (1995): நொடிக்கு 400 மெகாபிட்டு
* யுஎஸ்பி 2.0 (2000): நொடிக்கு 480 மெகாபிட்டு
* யுஎஸ்பி 3.0 (2008): நொடிக்கு 5 கிகாபிட்டு
* தண்டர்போல்ட் (2011): நொடிக்கு 10 கிகாபிட்டு
* யுஎஸ்பி 3.1 (2013): நொடிக்கு 10 கிகாபிட்டு
* யுஎஸ்பி 3.2 (2017): நொடிக்கு 20 கிகாபிட்டு
* யுஎஸ்பி4 (2019): நொடிக்கு 40 கிகாபிட்டு

சாட்டா இணைப்பை மொழிபெயர்ப்பு இன்றி வெளியே நீட்டிய இ-சாட்டா என்ற இடைமுகமும் சில காலம் பயன்பட்டது.

இவ்வெண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, இவை பிட்டுகள். கோப்புகளின் அளவு பைட்டுகளில் தரப்படுகின்றது. 8 பிட்டுகள் ஒரு பைட்டு. யுஎஸ்பி 2.0 வழியாக நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட்டுகளே கிடைக்கும். இரண்டாவது, சுழலும் வன்தட்டின் வேகமே ஓர் எல்லை. 2.5 அங்குல வன்தட்டு பொதுவாக நொடிக்கு 100 மெகாபைட்டு அளவில் படிக்கும் என்பதால், யுஎஸ்பி 3.0 அதற்குப் போதுமானது. அதைவிட வேகமான உறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது திண்மநிலை இயக்கிகளுக்கே பொருந்தும்.

யுஎஸ்பி 3.0, பின்னர் "3.1 தலைமுறை 1" எனவும் "3.2 தலைமுறை 1" எனவும் பெயர் மாற்றப்பட்டது. பெயர் மூன்றாயினும் வேகம் ஒன்றே. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரைவிட, நொடிக்கு எத்தனை கிகாபிட்டு என்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. யுஏஎஸ்பி என்னும் நெறிமுறையை ஏற்கும் உறைகள் பல கட்டளைகளை வரிசைப்படுத்தி அனுப்ப வல்லவை. சிறிய கோப்புகள் பல இருக்கும்போது இதன் பயன் தெரியும்.

மின்வழங்கல்

3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் ஆகிய இரண்டு மின்னழுத்தங்களும் தேவை. யுஎஸ்பி வடம் இயல்பாக 5 வோல்ட்டையே தருவதால், இவ்வகை உறைகளுக்குத் தனி மின்வழங்கி கட்டாயமாகின்றது. 2.5 அங்குல வன்தட்டுக்கு 5 வோல்ட் போதும். அதனாலேயே அது ஒரே வடத்தில் இயங்குகின்றது.

ஆயினும் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. யுஎஸ்பி 2.0 பொருத்தி 0.5 ஆம்பியர் மின்னோட்டத்தையும், யுஎஸ்பி 3.0 பொருத்தி 0.9 ஆம்பியர் மின்னோட்டத்தையும் வழங்கவேண்டும் என்பது விதி. நின்றிருக்கும் தட்டுகளைச் சுழலச் செய்யும் முதல் சில நொடிகளில் வன்தட்டு ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். போதிய மின்சாரம் கிடைக்காதபோது தட்டு சுழலத் தொடங்கி நின்றுவிடும்; "டிக், டிக்" என்ற ஒலி கேட்கும்; கணினி வன்தட்டைக் காணாது. இதனைப் பலர் வன்தட்டின் பழுது எனக் கருதிவிடுகின்றனர். மேசைக்கணினியின் முன்பக்கப் பொருத்தியை விடுத்துப் பின்பக்கப் பொருத்தியில் செருகுதல், குட்டையான வடத்தைப் பயன்படுத்துதல், இரு பொருத்திகளில் இருந்து மின்சாரம் பெறும் இரட்டைத்தலை வடத்தைப் பயன்படுத்துதல், தனி மின்வழங்கி உள்ள யுஎஸ்பி பெருக்கியின் வழியாக இணைத்தல் ஆகியவற்றால் இது பெரும்பாலும் தீரும்.

கோப்பு முறைமை

எடுத்துச் செல்லும் வன்தட்டு பல்வேறு கணினிகளில் படிக்கப்படுவதால், எந்தக் கோப்பு முறைமையில் வடிவமைப்பது என்பது முதன்மையான முடிவாகும்.

* ஃபாட்32: ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் படிக்கும். ஆனால் தனிக் கோப்பு ஒன்று 4 கிகாபைட்டை எட்ட முடியாது. பெரிய நிகழ்படக் கோப்புகளுக்கு ஏற்றதன்று.
* என்டிஎஃப்எஸ்: விண்டோஸ் இயங்குதளத்துக்கு உரியது. லினக்ஸ் இதனைப் படிக்கவும் எழுதவும் வல்லது. ஆப்பிள் கணினிகள் இயல்பாகப் படிக்க மட்டுமே செய்யும்.
* எக்ஸ்ஃபாட்: மைக்ரோசாஃப்ட் 2006 இல் அறிமுகப்படுத்தியது. 4 கிகாபைட்டு எல்லை இல்லை. 2019 இல் இதன் வரையறை வெளியிடப்பட்டு, அவ்வாண்டே லினக்ஸ் கருவகத்திலும் சேர்க்கப்பட்டது. பல்வகைக் கணினிகளுக்கு இடையே எடுத்துச் செல்ல ஏற்றது. எனினும், நிகழ்வுப் பதிவேடு இல்லாததால், எழுதும் நடுவே வடம் கழன்றால் சேதம் கூடுதலாக ஏற்படலாம்.
* எக்ஸ்ட்4, ஏபிஎஃப்எஸ்: முறையே லினக்ஸ், ஆப்பிள் கணினிகளில் மட்டும் பயன்படுத்துவோருக்கு உகந்தவை.

புதிய 1 தெராபைட்டு வன்தட்டை விண்டோஸ் 931 கிகாபைட்டு எனக் காட்டுவது குறைபாடு அன்று. உற்பத்தியாளர் 1 கிகாபைட்டை 100 கோடி பைட்டுகளாகக் கணக்கிட, விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டுகளாகக் கணக்கிடுவதே காரணம்.

உறை மாறினால் தரவு தெரியாமை

ஓர் உறையில் பயன்படுத்திய வன்தட்டை இன்னோர் உறைக்கு மாற்றினாலோ நேரடியாகக் கணினிக்குள் பொருத்தினாலோ தரவு அப்படியே தெரியும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பெரும்பாலும் இது சரியே. ஆனால் மூன்று சூழ்நிலைகளில் பொய்த்துவிடும்.

முதலாவது, பகுதி அளவு மாற்றம். வன்தட்டு 512 பைட்டுகள் கொண்ட பகுதிகளாக முகவரியிடப்படுகின்றது. பழைய எம்பிஆர் அட்டவணை 32 பிட்டு எண்களைப் பயன்படுத்துவதால், அதில் ஏறத்தாழ 2.2 தெராபைட்டுக்கு மேல் முகவரியிட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளங்களுக்காக, சில உறைகள் எட்டுப் பகுதிகளை ஒன்றாக்கி 4096 பைட்டுப் பகுதியாகக் காட்டின. அத்தகைய உறையில் இருந்து எடுத்த வன்தட்டு வேறிடத்தில் வெறுமையானது போலத் தோன்றும். தரவு அழியவில்லை, வரைபடத்தின் அளவுகோல் மட்டுமே மாறியுள்ளது.

இரண்டாவது, உறையே மறையாக்கம் செய்தல். முழுமையாக விற்கப்படும் வெளி வன்தட்டுகள் சிலவற்றில், பயனர் கடவுச்சொல் வைக்காவிட்டாலும், பாலச் சுற்று தரவை மறையாக்கம் செய்தே எழுதுகின்றது. அப்பலகை பழுதானால், வன்தட்டு நலமாக இருந்தும் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது போகலாம்.

மூன்றாவது, சாட்டாப் பொருத்தியே இல்லாமை. 2.5 அங்குல வெளி வன்தட்டுகள் சிலவற்றில் யுஎஸ்பி பொருத்தி வன்தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. இவற்றை வேறு உறைக்கு மாற்ற இயலாது.

இத்தகைய சூழலில், வட்டை வடிவமைக்க வேண்டுமா என விண்டோஸ் கேட்கும். அதற்கு உடன்படுவது, மீட்கக்கூடிய தரவையும் மீட்க அரிதாக்கிவிடும்.

பழுதடைந்த கணினியில் இருந்து தரவை மீட்டல்

மடிக்கணினியின் தாய்ப்பலகை, திரை, மின்சுற்று ஆகியவற்றில் எது பழுதானாலும் வன்தட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி உறையில் இட்டு வேறு கணினியில் செருகினால் கோப்புகளைப் படியெடுக்கலாம். எனினும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. பிட்லாக்கர் போன்ற மறையாக்கம் இயங்கியிருந்தால் மீட்புக் குறியீடும் தேவை. கணினி நலமாக இருக்கும்போதே அக்குறியீட்டை எழுதி வைத்துக்கொள்வது இதனால் இன்றியமையாதது.

வன்தட்டே பழுதாகத் தொடங்கியிருந்தால் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது கேடு. ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ போன்ற மென்பொருளால் முழு வட்டையும் முதலில் இன்னொரு வட்டுக்குப் படியெடுத்து, பின்னர் அப்படியில் தேடுவதே முறை. போதிய மின்சாரம் இருந்தும் உரசும் ஒலி கேட்டால் உடனே நிறுத்தவேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பது எவ்வகையிலும் கூடாது. படிக்கும் முனை தட்டுக்கு மேலே 10 நானோமீட்டரினும் குறைந்த உயரத்தில் மிதப்பதால், ஒரு தூசித் துகளே அதற்குப் பாறை போன்றது.

கையாளுதல்

வன்தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போது விழுவதே பெருங்கேடு. நின்றிருக்கும்போது படிக்கும் முனை தட்டை விட்டு விலகி ஒதுங்கியிருக்கும். அப்போது அது கூடுதலான அதிர்ச்சியைத் தாங்கும். எனவே இயங்கும் உறையை மேசை விளிம்பிலோ மடியிலோ வைக்கலாகாது. வடத்தைக் கழற்றிய பின்னும் தட்டுகள் நிற்கச் சில நொடிகள் ஆகும். அதன் பின்னரே பைக்குள் வைக்கவேண்டும்.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. வன்தட்டுகளின் இயங்கு வெப்பநிலைக்குப் பொதுவாக 60 பாகை செல்சியசு உயர் எல்லையாகத் தரப்படுகின்றது. மணிக்கணக்கில் படியெடுக்கும்போது காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதும், 3.5 அங்குல வன்தட்டுக்கு விசிறியுள்ள உறையைத் தெரிவதும் நன்று.

இயங்குதளம் எழுதவேண்டிய தரவைச் சிறிது நேரம் கணினியின் நினைவகத்தில் வைத்திருந்து பின்னர் எழுதக்கூடும். படியெடுத்தல் முடிந்ததெனத் திரை காட்டினாலும் வட்டில் எழுதி முடிந்திராது. அதனாலேயே "பாதுகாப்பாக நீக்கு" என்ற கட்டளை உள்ளது. 2018 இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றில் இருந்து விரைவு நீக்கம் இயல்பு நிலையாக்கப்பட்டது; ஆயினும் கட்டளையைக் கொடுத்துக் கழற்றும் பழக்கமே பாதுகாப்பானது.

களவும் மறையாக்கமும்

எளிதில் எடுத்துச் செல்லக்கூடியது எளிதில் களவும் போகும். 2006 மே மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் இருந்து மடிக்கணினியும் வெளி வன்தட்டும் திருடப்பட்டன. ஏறத்தாழ 2 கோடியே 65 இலட்சம் பேரின் பெயர், பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியன மறையாக்கம் செய்யப்படாமல் அவற்றில் இருந்தன. அடுத்த மாதமே அவை மீட்கப்பட்டன. தரவு பார்க்கப்பட்டதற்கான அறிகுறி இல்லை என அறிவிக்கப்பட்டது. எனினும் தொடரப்பட்ட வழக்குகளை முடிக்க 2009 இல் 2 கோடி டாலர் வழங்க அத்துறை உடன்பட்டது.

தனிப்பட்ட தரவை எடுத்துச் செல்வோர் முழு வட்டையும் மறையாக்கம் செய்யவேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர், லினக்ஸின் லக்ஸ், பல இயங்குதளங்களில் இயங்கும் மென்பொருளான வெராகிரிப்ட் ஆகியன இதற்கு உதவுகின்றன.

பெருந்தரவைச் சுமந்து செல்லல்

நொடிக்கு 10 மெகாபிட்டு வேகமுள்ள இணைய இணைப்பில் 1 தெராபைட்டை அனுப்ப 9 நாட்களுக்கு மேல் ஆகும். அதே தரவை நொடிக்கு 100 மெகாபைட்டு வேகத்தில் வன்தட்டுக்குப் படியெடுக்க 3 மணி நேரம் கூட ஆகாது. ஆகவே வன்தட்டைச் சுமந்து செல்வது பல இடங்களில் இணையத்தை விட வேகமானது.

* 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளையின் முதல் படத்துக்கான தரவை, நிகழ்வெல்லைத் தொலைநோக்கித் திட்டம் 2017 இல் திரட்டியது. ஏறத்தாழ 5 பெட்டாபைட்டு அளவான அத்தரவு வன்தட்டுகளில் வானூர்தி வழியாக எடுத்துச் செல்லப்பட்டது. தென்முனையில் குளிர்காலத்தில் வானூர்திகள் பறக்காததால், அங்கிருந்த வன்தட்டுகள் 2017 டிசம்பரிலேயே வந்து சேர்ந்தன.
* எண்ணிமத் திரைப்படங்கள், கழற்றி மாட்டத்தக்க வன்தட்டுப் பெட்டிகளில் திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்டு வந்துள்ளன.
* இணைய வசதி அரிதாக இருந்த கியூபாவில், "வாராந்தரப் பொதி" எனப்படும் ஏறத்தாழ 1 தெராபைட்டு அளவான திரைப்படங்கள், தொடர்கள், மென்பொருள்கள் வெளி வன்தட்டுகளில் கைமாறிப் பரவின.

காப்புப்பிரதியாகப் பயன்படுத்தல்

வெளி வன்தட்டு காப்புப்பிரதிக்கு ஏற்றது. ஆனால் இடம் போதாமையால் கணினியில் இருந்து கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகர்த்திவிட்டு, அதனைக் காப்புப்பிரதி என எண்ணுவது பரவலான தவறாகும். ஒரே பிரதி இருப்பின், அது எங்கிருந்தாலும் காப்புப்பிரதி ஆகாது.

ஒளிப்படக்கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இங்கு பின்பற்றத்தக்கது: தரவுக்கு 3 பிரதிகள், 2 வேறுபட்ட ஊடகங்கள், 1 பிரதி வேறோர் இடத்தில். குடும்ப ஒளிப்படங்களையோ ஆய்வேட்டையோ பொறுத்தவரை, ஒரு மாணவர் இரண்டு உறைகளை வாங்கி, ஒன்றைத் தன்னிடமும் மற்றதை உறவினர் வீட்டிலும் வைத்து, அவ்வப்போது மாற்றிக்கொள்வதே இவ்விதியைப் பெருமளவு நிறைவேற்றும். பிரதி எடுத்த பின் உறையைக் கணினியில் இருந்து கழற்றி வைக்கவேண்டும். செருகியே இருக்கும் வன்தட்டை மின்னலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்களும் கணினியோடு சேர்த்தே தாக்கும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை வன்தட்டைச் செருகி, கோப்புகள் சிலவற்றைத் திறந்து பார்ப்பதும் நன்று. மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதியின் நிலை, தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

இவற்றையும் பார்க்கவும்

* வன்தட்டு
* திண்மநிலை இயக்கி
* யுஎஸ்பி
* கோப்பு முறைமை
* காப்புப்பிரதி